ஆறாவது ஒயரின் பச்சைத் துணி

சொல்லிவிட்டால்தான் என்ன?

நாலாம் மாடி, இடது பக்கம். அவ்வளவுதான். வாயைத் திறந்து மூடுகிற நேரம். சாயங்காலத்துக்குள் கணவர் வீடு வந்து சேர்ந்துவிடுவார். வழக்கம்போலச் செருப்பை வாசலில் கோணல்மாணலாக விட்டுவிட்டு, "டீ இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாலாம் மாடிக்கு மட்டும் ஆகாது.

தையல் மெஷினின் சக்கரத்தில் கை வைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். ஊசி பாதி இறங்கித் துணிக்குள்ளேயே நின்றிருந்தது. பச்சைத் துணி, அதில் பொடிப்பொடியாகச் சிவப்புப் பூ. நாலாம் மாடிச் சிறுமி சிட்டுவின் ஃபிராக். பெண் வளர்ந்துவிட்டாள் என்று கீழ்மடிப்பைப் பிரித்து நீளமாக்கக் கொடுத்திருந்தார்கள்.

இதே துணியின் ஒரு கிழிசல்தான் நேற்று தொலைத்தொடர்பு அதிகாரியின் மேஜைமேல் கிடந்தது. ஒரு துண்டு ஒயரின் கழுத்தில் முடிச்சாக.

"இது எந்த வீடு?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். நாளைக்கு வாருங்கள் என்றார். அந்த நாளை விடிந்துவிட்டது.

அந்த முடிச்சு அவள் போட்டதுதான். அந்தப் பழைய கட்டடத்துக்குள் எந்தக் கம்பெனியும் இணையம் கொண்டுவரவில்லை. தரைத்தளத்தில் இருந்த இவர்களுக்கு மட்டும் தெருக் கம்பத்திலிருந்து ஓர் இணைப்பு கிடைத்தது. கணவர் மின்வேலைக்காரர், கம்பத்துக்காரர்களோடு பழக்கம். அதன் பிறகு ஒவ்வொருவராகக் கதவைத் தட்டினார்கள். பையனுக்குப் பரீட்சை, பெண்ணுக்கு வேலை விண்ணப்பம், வெளிநாட்டிலிருக்கும் மகனின் முகத்தைப் பார்க்க வேண்டும். சுவரின் கனத்தில் வைஃபை மாடிகளுக்கு எட்டவில்லை. அவர் மாடிப்படி ஓரத்துக் குழாய்ச் சந்தில் ஒயர் விட்டார். ஒரு வீடு இரண்டாகி, கடைசியில் கட்டடம் மொத்தமும் இவர்கள் வீட்டுப் பெட்டியில் வந்து செருகிக்கொண்டது. பில் வந்தால் எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

எல்லாமே சாம்பல் நிற ஒயர். பேனாவால் எழுதினால் அழிந்துபோனது. "நெட் வரலை" என்று பகலில் கதவைத் தட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள். எல்லா வீட்டுத் துணியும் அவளிடம்தானே தைக்க வருகிறது? அந்தந்த வீட்டுத் துணியில் மிச்சப்பட்ட கிழிசலை அந்தந்த ஒயரில் முடிந்துவிட்டாள்.

"எல்லாரும் டை கட்டிக்கிட்டு ஆபீஸ் கிளம்பின மாதிரி இருக்கு," என்று அவர் சிரித்தார்.

அந்த ஒயர்களில் ஒன்றின் வழியாகத்தான் பெயரில்லாத ஒரு பதிவு வெளியே போனது. பெரிய ஆஸ்பத்திரியில் மின்சாரம் நின்றபோது ஜெனரேட்டர் ஓடவில்லை. குழந்தைகள் வார்டில் சிலது பிழைக்கவில்லை. ஓடியது என்று பொய் சொல்கிறார்கள். அவ்வளவுதான் அந்தப் பதிவு. ஊரெல்லாம் படித்தது. ஆஸ்பத்திரி புகார் கொடுத்தது. புகார் நூல் பிடித்துக்கொண்டு இந்த வீட்டு வாசலில் வந்து நின்றது.

போன வாரம் சோதனைக்கு வந்த அதிகாரிகளுக்கு ஒயரைத் தொடர்ந்து மாடி ஏறிப் பார்க்கப் பொறுமையில்லை. பெட்டியின் ஓரத்திலேயே எல்லாவற்றையும் வெட்டினார்கள். சந்திலிருந்து உருவிச் சாக்கில் திணித்து, ஆதாரம் என்று கட்டிக்கொண்டு போனார்கள். கூடவே அவரையும். ஆறாவது ஓட்டையிலிருந்துதான் பதிவு போயிருக்கிறது என்று பெட்டி சொன்னது. ஆறாவது ஓட்டையிலிருந்து ஒயர் எங்கே போனது என்று சொல்லத்தான் ஒயர் இல்லை. வெட்டுப்பட்ட முனையில் பச்சைத் துணி மட்டும் மிச்சம்.

"மெஷின் சத்தத்தையே காணோமே. தைக்கிறியா, தவம் பண்றியா?"

மாமியார் உள்கதவில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"தைக்கிறேன் அத்தை."

"என்னத்தத் தைக்கிற. என் பிள்ளை அங்க தரையில கிடக்கான்." குரல் உடைந்தது, உடனே அதை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "தாகம்னு வந்தவங்களுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுத்தோம். அதுக்காக நாம தண்ணி வாரியம் ஆயிடுவோமா? நாம இணைய சேவை நிறுவனமான்னு கேக்கறாங்க! நாலு சுவரு, ஒரு ஓட்டை மெஷின், இதுக்குப் பேரு நிறுவனமா?"

"அதைத்தான் அத்தை அவங்க முடிவு பண்ணணும்."

"முடிவு பண்றதுக்குள்ள என் முடிவு வந்திடும்."

கதவு தட்டும் சத்தம். மெதுவாக, விரல் நுனியால். அந்தத் தட்டல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

நாலாம் மாடிக்காரி நின்றிருந்தாள். கையில் இன்னும் பினாயில் வாடை. ராத்திரியெல்லாம் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாக்களைத் துடைத்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறாள். ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்று அவளை அனுப்புகிறது. ஆஸ்பத்திரிக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. துடைப்பத்தோடு வந்து துடைப்பத்தோடு போகிறவள்.

"அக்கா, சிட்டு ஃபிராக் ஆயிடுச்சா?"

"கொஞ்சம் பாக்கி இருக்கு. சாயங்காலம் வாங்க."

"சரிக்கா." போகவில்லை. நிலைப்படியில் விரலால் கோடு இழுத்தாள். "அண்ணன் எப்ப வருவாரு?"

"தெரியலை."

"அக்கா, நான் வேணா…"

அவள் மனசுக்குள் கெஞ்சினாள். சொல்லு. நீயே சொல்லிவிடு. நான்தான் எழுதினேன், நானே போய்ச் சொல்கிறேன் என்று சொல்லு. என் நாக்கைக் காப்பாற்று.

மாடிப்படியிலிருந்து சிட்டு, "அம்மா, பல்லு ஆடுது!" என்று கத்தினாள்.

நாலாம் மாடிக்காரியின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, திரும்பிப் போனது. "நான் வேணா உங்களுக்குச் சமைச்சுக் கொண்டாந்து தரவாக்கா?"

"வேண்டாம். இருக்கு."

கதவைச் சாத்திய பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. சமையல்! என் கணவரின் விலை ஒரு வேளைச் சமையலா? அந்தக் கோபம் கொஞ்ச நேரம் சுகமாகக்கூட இருந்தது. கோபத்தில் இருந்தால் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது நிற்கவில்லை. துணிக்குள் நின்ற ஊசியைப் பார்த்ததும் வடிந்துவிட்டது. சிட்டுவுக்கு இடுப்பு எவ்வளவு, தோள் எவ்வளவு, போன வருஷத்தைவிட எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பெற்றவளைவிட அவளுக்குத் துல்லியமாகத் தெரியும்.

ஃபிராக்கை எடுத்து மெஷினுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டினாள். திரும்பியபோது மாமியார் அந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல பச்சை," என்றாள் மாமியார்.

நாத்தனார் வந்ததும் வீடு சத்தமானது. கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்தாள். ஊருக்கு வக்கீல், வீட்டில் இன்னும் குட்டிதான்.

"அண்ணி, கிளம்புங்க. இன்னிக்கு நம்ம கட்சி மாறுது."

"என்ன மாறுது?"

"நேத்து வரைக்கும் நாம இணைய சேவை தர்றவங்க இல்லவே இல்லைன்னு வாதாடினேன். இன்னிக்கு நாம அவங்களேதான்னு வாதாடப் போறேன்."

"நேத்துப் படிச்சது வேற படிப்பாடி?" என்றாள் மாமியார்.

"அம்மா, சட்டத்தை ராத்திரி திரும்பப் படிச்சேன். பிறருக்கு இணையம் கிடைக்க வழி செய்யற எவரும் சேவை தர்றவர்னு ஒரு வரி இருக்கு. காசு வாங்கினாலும் சரி, வாங்காட்டியும் சரி. அப்படின்னா லைசென்ஸ் இல்லாம நடத்தினதுதான் நம்ம குத்தம். பெட்டி போகும், அபராதம் வரும், அண்ணன் வீட்டுக்கு வந்திடும். தபால்காரர் கொண்டுவந்த மொட்டைக் கடுதாசிக்குத் தபால்காரரை உள்ள போட முடியுமா? அந்த மாதிரிதான்."

"நாம சேவை தர்றவங்க இல்லைன்னா?" என்றாள் மாமியார்.

"வெறும் சந்தாதாரர். நம்ம வீட்டு இணைப்புல போனது நம்ம வீட்டு எழுத்து. அண்ணன் எழுதினதா ஆயிடும். ஆஸ்பத்திரிக்காரங்க சும்மா விட மாட்டாங்கம்மா. வருஷக்கணக்குல உள்ள தள்ளிடுவாங்க."

"அப்ப சேவை தர்றவங்கன்னே எழுதிக் குடேன். இதுக்கு என்ன யோசனை?"

நாத்தனார் அம்மாவைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தாள்.

"அதுக்கு ஒரு கடமையும் இருக்கு. யாருக்குத் தந்தீங்கன்னு கேட்டா சொல்லணும். சொல்லாதவங்களை அந்த வகையில சேர்க்க மாட்டாங்க." குரலைத் தணித்தாள். "அண்ணி, அது எந்த வீடுன்னு என்கிட்ட சொல்ல வேண்டாம். அங்க சொன்னாப் போதும்."

"சொன்னா அந்த வீடு என்ன ஆகும் குட்டி?"

நாத்தனார் கோட்டின் காலரை நீவினாள். அவளுக்குப் பதில் தெரியும். அதனால்தான் நீவினாள்.

"எனக்கு ஒரே ஒரு அண்ணன், அண்ணி."

புடவையை மாற்றிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். அந்த ஃபிராக்கை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். கொக்கி காலியாக இருந்தது.

கீழே விழுந்திருக்கும் என்று குனிந்து தேடினாள். மெஷினுக்கு அடியில் நூல் தும்பும் உடைந்த ஊசியும்தான்.

"என்ன தேடற? பஸ் போயிடும்." மாமியார் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. "நானும் வரேன். என் பிள்ளைக்கு மாத்துச் சட்டை எடுத்திருக்கேன்."

பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். மாமியார் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள், பிரசவ வார்டிலிருந்து குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி. அந்தப் பையில் என்ன என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

தொலைத்தொடர்பு அலுவலகத்தின் நடைபாதை நீளமாக, ஜன்னலில்லாமல் இருந்தது. ஒரு முனையில் தண்ணீர் சொட்டும் குழாய். அதன் அடியில் யாரோ வைத்த ஐஸ்கிரீம் டப்பா. நாத்தனார் உள்ளே பேசப் போனாள். காவலர் ஒருவரோடு கணவர் வந்தார்.

சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. அவளுக்கு முதலில் பட்டது அதுதான். பிறகுதான் முகம். கன்னம் ஒட்டிப்போய், ஷேவ் செய்யாத முகம் வேறு யாருடையதோபோல இருந்தது.

"அம்மா," என்றார். மாமியார் அவர் தலையைத் தடவினாள், காதைத் தடவினாள். பைக்குள் கை விட்டுச் சட்டையை உருவினாள். அதோடு இன்னொரு துணியின் நுனியும் கூட வந்தது. பச்சை. பொடிப்பொடியாகச் சிவப்பு.

"இதென்ன, என் கைலியா?" என்று அவர் அந்த நுனியைத் தொட்டார்.

"இல்ல," என்று மாமியார் வெடுக்கென்று உள்ளே திணித்தாள்.

அவருக்குத் தெரிய வழியில்லை. பச்சையும் சிவப்பும் அவருக்கு ஒரே சேற்று நிறம். கல்யாணமான புதிதில் ஒயர்த் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, கதவைச் சாத்திவிட்டு, "இது என்ன கலரு? இது?" என்று அவளிடம் கேட்பார். மின்வேலைக்காரருக்கு நிறம் தெரியாது என்பது இத்தனை வருஷமாக அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது.

அவர் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "சொல்லிட்டேன்."

அவள் சட்டென்று திரும்பினாள். "எதை?"

"எனக்கு நிறம் தெரியாதுன்னு. துணியைக் காட்டிக் காட்டிக் கேட்டாங்க. வேற வழி தெரியலை. எழுதிக்கிட்டாங்க. இனிமே எவன் எனக்கு வேலை குடுப்பான்?" சிரிக்கப் பார்த்தார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வீட்டின் பெயரைச் சொல்லாமலிருக்க, இந்த மனிதர் தன் பிழைப்பையே அறுத்துப் போட்டிருக்கிறார்.

"துணி சமாச்சாரமெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்னு சொன்னேன்," என்றார் தொடர்ந்து. "இங்க பாரு. நான் யாரையும் காட்டிக் குடுக்கலை. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆனா…" குழாயைப் பார்த்தார். "நீ சொன்னா, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. உள்ளேதான் ஏதோ விலகியது.

தன் தலைச்சுமையை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டு, கனமாக இருந்தால் நீ கீழே போட்டுக்கொள், நான் கோபிக்க மாட்டேன் என்கிறார். அவர் நல்லவராகவும் இருக்க வேண்டும், வீட்டுக்கும் வர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அழுக்கை அவள் துடைக்க வேண்டும். அவரை வெறுக்க முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை. அந்தப் பொத்தானில்லாத இடத்தில் தெரிந்த நெஞ்செலும்பைப் பார்த்தால், எதை வேண்டுமானாலும் சொல்லி இவரை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது.

"அண்ணி, கூப்பிடறாங்க," என்றாள் நாத்தனார் கதவிலிருந்து.

அவள் எழுந்தாள். குனிந்து மாமியாரின் காதருகில் சொன்னாள்: "அத்தை, அதை என்கிட்ட குடுங்க."

மாமியார் பையை இறுக்கினாள். கண்ணில் நீர் இல்லை. "நீ முதல்ல உள்ள போய்ப் பேசு."

"அத்தை, சின்னப் பொண்ணு இருக்கற வீடு."

"எனக்கும் பிள்ளை இருக்கு. நீ பேசினா நான் பேச வேண்டியிருக்காது. போ."

அதிகாரிக்குச் சளி பிடித்திருந்தது. மேஜைமேல் கைக்குட்டை, சட்டப் புத்தகம், வெட்டிய ஒயர்களோடு அந்தப் பெட்டி. கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் எதிர்த்து நிற்கலாம்.

"உக்காருங்கம்மா. உங்க வக்கீல் சொல்றது எனக்குப் புரியுது. நானும் உங்களை அந்த வகையில சேர்க்கத்தான் பார்க்கறேன். எனக்கென்ன, ஒரு மின்வேலைக்காரரை ஜெயிலுக்கு அனுப்பணும்னு வேண்டுதலா?" தும்மினார். "ஆனா மேலிடத்துல கேப்பாங்க. நீங்க யாருன்னு நாம முதல்ல முடிவு பண்ணணும். சேவை தர்றவங்களா, சந்தாதாரரா?"

நீங்கள் யார். இத்தனை வயதுக்கு அவளிடம் இதை யாரும் கேட்டதில்லை. மருமகள், அண்ணி, தையல்காரம்மா என்று அவரவர் தேவைக்கு ஒரு பெயர். நீங்கள் யார் என்று கேட்ட முதல் ஆள், சளி பிடித்த ஓர் அரசாங்க அதிகாரி.

"நான் தைக்கிறவ சார்."

"அது தெரியும். பெட்டி உங்க வீட்டுல. ஒயரை இழுத்தது அவர். எந்த ஒயர் எந்த வீடுன்னு அடையாளம் வச்சது நீங்க. அடையாளம் வச்சவங்கதான் தர்றவங்க. நான் அப்படித்தான் எழுதப் போறேன், உங்களுக்குச் சாதகமா." வெட்டிய ஒயர்த் துண்டை அவள் பக்கம் நகர்த்தினார். "இதை மட்டும் சொல்லிடுங்க. இன்னிக்கே அவரைக் கூட்டிட்டுப் போகலாம். சொல்லலைன்னா, நாளைக்குக் காலைல உங்க வீட்டுத் துணியையெல்லாம் புரட்ட ஆள் வரும். அவர் இங்கேயே இருப்பார்."

நாத்தனார் அவள் முழங்கையைத் தொட்டாள். "அண்ணி."

அவள் அந்த முடிச்சைப் பார்த்தாள். அவளுடைய முடிச்சுதான். நூலைப் பல்லால் கடித்த இடம்கூடத் தெரிந்தது. மெஷின் அறைக்கு வந்து சேலையை இறக்கி அளவு கொடுக்கிற பெண்களை நினைத்துக்கொண்டாள். எவளுக்கு எங்கே தழும்பு, எவளுக்கு எந்த மாதம் இடுப்பு பெருத்தது, எவள் தன் துணியில் யாருக்குத் தெரியாமல் உள்பை வைக்கச் சொன்னாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். மாமியார் எத்தனையோ தரம் விளையாட்டாகத் துருவியிருக்கிறாள், "மூணாம் மாடிக்காரிக்கு இடுப்பு எவ்வளவுடி?" என்று. ஒரு தரம்கூட வாய் திறந்ததில்லை. அதைப் பெருமையாகவும் நினைத்ததில்லை. ஊசியில் நூல் கோப்பது மாதிரி, தொழிலோடு வந்த ஒரு பழக்கம்.

"ஞாபகம் இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்றார் அதிகாரி.

"ஞாபகம் இருக்கு சார்."

நாத்தனார் மூச்சு விட்டாள். அதிகாரி பேனாவை எடுத்தார்.

"சொல்லுங்க."

அவள் ஒயர்த் துண்டைக் கையில் எடுத்தாள். துணியின் சுருக்கத்தைக் கட்டைவிரலால் ஒருதரம் நீவினாள். பிறகு அதை அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"ஒருத்தங்க அளவை இன்னொருத்தங்ககிட்ட சொல்ற பழக்கம் எனக்கு இல்ல."

"நான் அளவா கேட்டேன்? வீடுதானேம்மா கேக்கறேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"அண்ணி!" நாத்தனாரின் விரல்கள் அவள் கையில் அழுந்தின. "அண்ணனை நினைச்சுப் பாருங்க."

நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். பொத்தானில்லாத அந்தச் சட்டையை. இன்று ராத்திரியும் அவர் படுக்கப்போகிற தரையை.

கதவுக்கு வெளியே மரபெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ எழுந்து நிற்கிற சத்தம். மாமியாரின் செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டு கதவை நோக்கி வந்தது, கூடவே அந்தத் துணிப்பை உரசும் சத்தமும்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கடைசியாக் கேக்கறேன்," என்றார் அதிகாரி. "எந்த வீடு?"

"சொல்றதுக்கில்ல, சார்," என்றாள் அவள்.